படகுக்கு முன்னால் நடந்தேன்

எனக்கு வயது எழுபத்திநான்கு. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டும் என் கையால்தான் சோறு தின்று ஆளானார்கள். ஐந்து பேரும் இப்போது ஐந்து ஊரில் நன்றாக இருக்கிறார்கள். நான் குற்றாலத்துக்குப் பக்கத்தில் இலஞ்சியில் இருக்கிறேன்.

டிரெய்லர் ஓட்டுகிற பிள்ளைகள் தங்கள் சங்கத்துக்கு ஆண்டு மலர் போடுகிறார்களாம். அதில் நான் எழுத வேண்டும் என்று முத்துராஜ் வந்து கேட்டான். காற்றாலை இறக்கையை ஏற்றிக்கொண்டு ஆலங்குளம் பக்கம் போகிற வண்டி அவனுடையது. அவன் வண்டிக்கு முன்னால் ஒரு கார் போகிறது. அதன் தலையில் மஞ்சள் விளக்கு சுற்றுகிறது. பெர்மிட்டுக்கு அவன் ஆபீஸ் படி ஏறுவதுகூடக் கிடையாது, வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் வாங்கிவிடுகிறான். “அந்தக் கார் ஓடுத இடத்துல முன்ன நீங்கதான நடந்தீக ஆச்சி. அதச் சொல்லுங்க” என்றான்.

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். பஸ் போர்டு வாசிப்பேன். அதோடு சரி. அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி வேணி எழுதுகிறாள். லீவுக்கு வந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போய்விடுவாள். அதற்குள் சொல்லி முடிக்க வேண்டும்.

என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், படகுக்கு முன்னால் நடந்தேன் என்று சொல்வேன். மலையும் வயலுமாக இருக்கிற ஊரில் படகு எங்கே வந்தது என்று சிரிப்பார்கள். கொல்லம் பக்கத்துப் பட்டறைகளில் மீன்பிடிப் படகு கட்டுகிறார்கள். வாங்குகிறவர்கள் தூத்துக்குடி பக்கம் இருக்கிறார்கள். எஞ்சின் வைக்காத புதுப் படகைக் கடல் சுற்றி ஓட்டிவர முடியாது. ஆரியங்காவு ஏறி, கோட்டைவாசல் தாண்டி, புளியரையில் இறங்கி, செங்கோட்டை, தென்காசி, ஆலங்குளம் என்று ரோட்டோடுதான் வந்தாக வேண்டும். ரோட்டில் போகிற வண்டி இவ்வளவு அகலம்தான் இருக்கலாம் என்று சர்க்கார் ஓர் அளவு வைத்திருக்கிறது. படகு அதற்குள் அடங்காது. வயிறு அகலமாக இருந்தால்தானே அது தண்ணீரில் நிற்கும்? அதனால் தனியாகப் பெர்மிட் வாங்க வேண்டும். கேரளத்துக்கு ஒன்று, நமக்கு ஒன்று.

அந்தப் பெர்மிட்டில் இருப்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். எவ்வளவு அகலம், நீளம், உயரம். எந்த ரோடு, எந்தத் தேதி. பொழுது விடிந்து வண்டியை எடுக்க வேண்டும், பொழுது சாய்ந்தால் ஓரம் கட்டிவிட வேண்டும். நாலு மூலையிலும் சிவப்புத் துணி. முன்னால் ஓர் ஆள், பின்னால் ஓர் ஆள். பக்கத்திலேயே நல்ல ரோடு இருந்தாலும் எழுதாத ரோட்டில் சக்கரம் படக் கூடாது. குற்றாலத்தில் சாரல் விழுந்து கூட்டம் வர ஆரம்பித்துவிட்டால் சனி, ஞாயிறு அந்தப் பக்கம் தலையே காட்டக் கூடாது.

நான் இந்த வேலைக்கு வந்தது தற்செயல். அவர் அப்போது அண்ணாச்சியிடம் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் என்றால் என் வீட்டுக்காரர். அண்ணாச்சி என்றால் வண்டி முதலாளி, செங்கோட்டைக்காரர். படகு மலை இறங்குகிற நாளில் நான் சோற்று வாளியோடு பஸ் ஏறிப் புளியரையில் போய் நிற்பேன். ஒரு நாள் முன்னால் கொடி பிடித்து வந்த ஆள் ஏதோ பேச்சில் கோபித்துக்கொண்டு கொடியைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். “ஒனக்குத் தூரத்துல உள்ளது நல்லாத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்றேன். “அப்பம் வாளிய வண்டில வச்சிட்டு நட” என்றார். நான் படித்த படிப்பு அவ்வளவுதான்.

அண்ணாச்சியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு கிரீஸ் பட்டும் பார்த்ததில்லை. படகு ஏற்றுகிற அன்று கொல்லம் பட்டறைக்கு அவரே வருவார். பட்டறைக்காரர்கள் படகின் அகலத்தைச் சொல்வார்கள். தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். ஏற்றுக்கொள்ள மாட்டார். “செஞ்சவன் சொல்லுத அளவு கடலுக்கு. ரோட்டுக்கு நாமதான் அளக்கணும்” என்பார்.

படகு வண்டிமேல் உட்கார்ந்த பிறகுதான் அளப்பார். கொத்தனார் வைத்திருக்கிற தூக்குக்குண்டு இரண்டு அவர் பையில் இருக்கும். படகின் வயிறு எங்கே அதிகம் புடைத்திருக்கிறதோ அந்த இடத்தில், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நூலில் தொங்கவிடுவார். குண்டு ஆடி ஆடி ஓய வேண்டும். அதுவரைக்கும் யாரும் பேசக் கூடாது, வண்டிமேல் ஏறக் கூடாது. ஓய்ந்ததும் குண்டு காட்டுகிற இடத்தில் தரையில் சுண்ணாம்பு வைப்பார். இரண்டு சுண்ணாம்புக்கும் நடுவில் உள்ளதுதான் அகலம். அதை அவர் ஒரு தடவை அளப்பார். பிறகு டேப்பை என் வீட்டுக்காரரிடம் கொடுத்து அளக்கச் சொல்வார். தான் பார்த்த அளவை முன்கூட்டிச் சொல்ல மாட்டார். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் பெர்மிட்டுக்கு எழுதுவார்.

பிறகு என் முறை. மூங்கில் ஒன்றைத் தரையில் போட்டு, அந்தச் சுண்ணாம்பு அளவுக்கு மேல் பக்கத்துக்கு ஒரு சாண் கூட வைத்து நறுக்குவேன். இரண்டு முனையிலும் சிவப்புத் துணி கட்டுவேன். அதுதான் அந்தப் படகின் கம்பு. வெட்டவெளி ரோட்டில் நான் வண்டியில் உட்கார்ந்து வருவேன். ஊருக்குள், பாலத்தில், வளைவில் இறங்கிவிடுவேன். காவடி எடுக்கிற மாதிரி கம்பைத் தோளில் குறுக்கே வைத்துக்கொண்டு முன்னால் நடப்பேன். கம்பு எங்கேயும் தட்டாமல் போய்விட்டால் படகும் போய்விடும். தட்டினால் கம்பைச் செங்குத்தாக நிறுத்துவேன். அவர் வண்டியை நிறுத்திவிடுவார்.

முன்னால் நடக்கிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. அதுதான் முதல் பாடம். திரும்பினால் கம்பும் திரும்பும், முனை யார் மேலாவது போய் இடிக்கும். பின்னால் என்ன நடக்கிறது என்று காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வளைவில் அவர் கண்ணுக்கு நான் மறைந்துவிடுவேன். அங்கே எதிரே வருகிற வண்டிகளை நிறுத்திவிட்டு விசில் அடிப்பேன். அவர் ஹாரனை ஒரு தடவை சின்னதாக அடிப்பார். அதற்கு ‘வாறேன்’ என்று அர்த்தம். பின்னால் வருகிற கிட்ணன் அண்ணன், வண்டி உருளாமல் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்திருப்பார். அந்த ஹாரனைக் கேட்டுத்தான் கட்டையை உருவுவார். நான் நீளமாக விசில் அடித்தால் எல்லோரும் இருந்தபடியே இருக்க வேண்டும். இவ்வளவுதான் எங்கள் பேச்சு. அத்தனை வருஷமும் அவரோடு வேலை பார்த்தேன் என்று பெயர். முன்னால் நடக்கும்போது எனக்கு முன்னாலும் ஆள் கிடையாது, பக்கத்திலும் கிடையாது. முதுகுக்குப் பின்னால் எஞ்சின் உறுமுகிற சத்தம் மட்டும் கூடவே வரும்.

சாயங்காலம் வண்டியை ஓரம் கட்டியதும் அண்ணாச்சிக்குப் போன் போட வேண்டும். அவர் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று. “ஒரசிச்சா?” இல்லை என்றால், “சாப்பிடுங்க” என்று வைத்துவிடுவார். நன்றாகச் செய்தீர்கள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கு அந்தச் சாப்பிடுங்கவே போதும்.

பொம்பளை ரோட்டில் கம்பைத் தூக்கிக்கொண்டு நடந்தால் ஊர் சும்மா இருக்குமா? குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் இருக்கிற படகுத்துறைக்கு ஒரு தடவை அகலமான படகு கொண்டுவந்தோம். பெர்மிட்டில் எங்கள் இலஞ்சி ரோடுதான் எழுதியிருந்தது. சொந்த ஊருக்குள் கம்போடு நடக்கிறேன். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். “என்ன மைனி, தேரு வருதோ?” என்று ஒருத்தன் கேட்டான். “ஆமா, தேருதான். வடம் புடிக்க வாரியா?” என்றேன்.

கொஞ்ச தூரம் போனதும் கம்பு நின்றுவிட்டது. முந்தின நாள் வரை இல்லாத கல்யாண வளைவு ஒன்று ரோட்டின் குறுக்கே நின்றது. வாழை மரம் இரண்டு பக்கமும் கம்பு முனைக்கு இடித்தது. வாழையைக் கொஞ்சம் ஒதுக்கிக் கட்டினால் போய்விடலாம். ஆனால் அடுத்தவர் கட்டியதில் ஓர் இலையைக்கூட அவர்களைக் கேட்காமல் தொடக் கூடாது என்பது அண்ணாச்சி கட்டளை. பெண்ணின் அப்பாவிடம் போய்க் கேட்டேன். தாலி கட்டுகிற நேரத்தில் வளைவைக் கலைப்பதா என்று அவர் முகம் சுருங்கிவிட்டது. சரி, தாலி ஏறட்டும் என்று படகை அங்கேயே நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். தாலி ஏறியதும் அவரே வந்து வாழையை அவிழ்த்தார். எங்களைப் பந்தியில் உட்கார வைத்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு வந்து படகுக்குப் பக்கத்தில் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்தப் போட்டோவில் ஓர் ஓரத்தில் நானும் கம்போடு நிற்கிறேனாம். நான் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அவர் பெயரை நான் சொல்வதில்லை. எங்கள் அம்மா என் அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை, என் மாமியார் மாமனாரின் பெயரைச் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. செக்போஸ்ட்டில் ஒரு தடவை அவர் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்து, டிரைவர் பெயர் என்ன என்று கேட்டார். “எலஞ்சிக் கோயில்ல நிக்குத சாமி பேருய்யா” என்றேன். இன்ஸ்பெக்டர் நம் பக்கத்து ஆள்தான். வேண்டுமென்றே, “வள்ளியா, தெய்வானையா?” என்றார். “ரெண்டு பேருக்கும் வீட்டுக்காரர்” என்றேன். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். எழுதும்போது வாய்விட்டுச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. கேட்க நன்றாகவும் இருந்தது.

இனி புளியரை வளைவுக்கு வருகிறேன். முத்துராஜ் கேட்டது இதைத்தான் என்று எனக்குத் தெரியும்.

அவருக்கு அப்போது சுகர் வந்திருந்தது. காலையில் எழுந்ததும் மாத்திரை போட வேண்டும், போட்டதும் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் எங்கள் வண்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. கோட்டைவாசலில் கருப்பசாமிக்குச் சூடம் காட்டிவிட்டு, மலை இறங்கிப் புளியரையில் சமதரை மிதித்த பிறகுதான் சாப்பாடு. அதுவரைக்கும் பச்சைத் தண்ணீர் மட்டும். அண்ணாச்சியின் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். ஒருத்தரும் மீறியதில்லை. மாத்திரை போட்டீர்களா என்று அன்று காலையில் கேட்டேன். போட்டுவிட்டேன் என்றார். டாக்டர் பேச்சில் பாதியைக் கேட்டார், கருப்பசாமிக்கு முழுதாகக் கேட்டார். எனக்கும் அதில் தப்பு இருப்பதாகத் தோன்றவில்லை. நான் கட்டிக்கொண்டு வந்த சோறு வாளியில் அப்படியே இருந்தது.

நான் நடந்த படகுகளிலேயே அதுதான் அகலம். கம்பு என் தோளில் இரண்டு பக்கமும் வளைந்து தொங்கியது. ஆரியங்காவில் மரம் லாரி ஒன்று பழுதாகி நின்றதால் அன்றைக்கு எல்லாமே தாமதம். கோட்டைவாசலுக்கு வரும்போதே உச்சி வெயில் சாய்ந்துவிட்டது. சூடம் காட்டினோம். அவர் முகம் வேர்த்திருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

புளியரை வளைவு எஸ் எழுத்து மாதிரி இருக்கும், அதற்கு மேலே வண்டியை நிறுத்தினார். கிட்ணன் அண்ணன் கட்டை வைத்தார். நான் கம்போடு வளைவு திரும்பிக் கீழே போனேன். எதிரே கேரளா பஸ் ஒன்று ஏறி வந்தது. கம்பை ரோட்டுக்குக் குறுக்கே பிடித்து நிறுத்தினேன். அதற்குப் பின்னால் காரும் வேனுமாக நின்றன. விசில் அடித்தேன்.

ஹாரன் வரவில்லை.

இன்னொரு தடவை அடித்தேன். எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்கிறது. ஹாரன் மட்டும் வரவில்லை. கிட்ணன் அண்ணன் பின்னால் இருக்கிறார். படகு மறைப்பதால் அவருக்கு டிரைவர் சீட் தெரியாது. ஹாரன் வராமல் அவர் கட்டையை விட்டு நகர மாட்டார். நான் விசில் அடித்த இடத்தை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் பஸ்ஸும் காரும் முண்டியடித்து மேலே ஏறிவிடும். வளைவு அடைத்துக்கொண்டால் மேலே இருக்கிறவருக்கு என்ன ஆகியிருந்தாலும் ஒரு சைக்கிள்கூடப் போய்ச் சேர முடியாது. அவர் எனக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். என்னால் போக முடியவில்லை. போன் வண்டிக்குள் இருந்தது.

பஸ் கண்டக்டர் இறங்கி வந்தார். புனலூர்க்காரர். விஷயத்தைச் சொன்னேன். நான் கையெடுத்துக் கும்பிடுவதற்குள் அவர் மேலே ஓடினார். ஓடியவர் பாதி வழி திரும்பி வந்து சத்தமாகச் சொன்னார். “ஆளு கண்ணு தொறந்து இருக்குன்னு சேச்சி. விளிச்சா கேக்குன்னில்ல.” கண்ணைத் திறந்தபடிதான் இருக்கிறாராம், கூப்பிட்டால் கேட்கவில்லையாம்.

பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். நர்ஸாம். “அம்மச்சி, ஆளுக்கு சுகர் உண்டோ?” என்று கேட்டாள். உண்டு என்றேன். மாத்திரை போட்டாரா என்றாள். போட்டார் என்றேன். சாப்பிட்டாரா என்றாள். அப்போதுதான் எனக்குச் சோற்று வாளி நினைவுக்கு வந்தது. “மலை எறங்கித்தாம்மா சாப்பிடுவோம்” என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டவில்லை. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சுகர் ஒரேயடியாக இறங்கிவிடும் என்றாள். பஸ்ஸைப் பார்த்து, இனிப்பாக ஏதாவது இருக்கிறதா, சீக்கிரம் என்று கத்தினாள். குற்றாலத்துக்குக் குளிக்கப் போய்விட்டுத் திரும்புகிற ஒரு குடும்பம், கடையில் வாங்கின தேன் பாட்டிலை ஜன்னல் வழியாகக் கொடுத்தது. அதை வாங்கிக்கொண்டவள், “பேரு எந்தா? பேரு சொல்லி விளிக்கணும், மயங்கிப் போகக் கூடாது” என்றாள்.

“எலஞ்சிக் கோயில்ல நிக்குத சாமி பேரு” என்றேன். அந்த நேரத்திலும் வாயில் அதுதான் வந்தது. அவளுக்கு இலஞ்சி எங்கே தெரியும்? பஸ்ஸுக்குள் இருந்த செங்கோட்டைக்காரர் ஒருவர் புரிந்துகொண்டு அவர் பெயரைச் சொன்னார். அவள் கண்டக்டரையும் கூட்டிக்கொண்டு மேலே ஓடினாள்.

நான் பஸ்ஸைப் பார்த்தபடி கம்போடு நின்றேன். எனக்குப் பின்னால், மலைமேல், கண்டக்டர் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். வேற்று ஊர்க்காரர் வாயில் அந்தப் பெயர் எப்படியோ இருந்தது. திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார். பதில் இல்லை. யாரோ யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அந்தக் குரல் அவருக்குப் பழக்கமில்லை, எப்படித் திரும்புவார் என்று எனக்குள் ஓடியது. அவர் காது இத்தனை வருஷமாக எனக்காகத்தான் திறந்து இருந்தது.

பஸ்ஸில் அத்தனை பேரும் ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பவில்லை. நின்ற இடத்திலிருந்து அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். வயலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி, அடிவயிற்றிலிருந்து. இன்னொரு தடவை கூப்பிட்டேன். பிறகு இன்னொரு தடவை.

ஹாரன் வந்தது. சின்னதாக, ஒரே ஒரு தடவை. ‘வாறேன்.’

அழுகிறதற்கு எனக்கு நேரம் இல்லை. ஹாரன் கேட்டால் கிட்ணன் அண்ணன் கட்டையை உருவிவிடுவார். அரை மயக்கத்தில் இருக்கிற மனுஷன் கையில் படகு உருண்டு வரும். மூச்சு முட்டுகிற வரைக்கும் நீளமாக விசில் அடித்தேன். இருந்தபடியே இரு. அவர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததும் அவருக்கு நான் சொன்ன முதல் பேச்சு அதுதான்.

பஸ்ஸில் இருந்த ஒருவர் போன் போட்டுச் சொன்னதும் அண்ணாச்சி காரில் வந்தார். ரோட்டுக்கே வராதவர் அன்று செருப்புக்கூட மாற்றாமல் வந்தார். புளியரையிலிருந்து ஓர் ஆட்டோ மேலே போய் என் வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு வந்தது. அந்த நர்ஸ் தன் பயணத்தை விட்டுவிட்டு அவரோடு உட்கார்ந்திருந்தாள். அவள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆட்டோவுக்கு வழிவிடக் கம்பைத் தூக்கினேன். அவர் தலையை வெளியே நீட்டி, வாயோரம் தேனோடு, “ஒரசாமப் போ” என்றார்.

“நீயும் ஆட்டோல போ. நான் வேற ஆளு பாத்துக்கிடுதேன்” என்றார் அண்ணாச்சி. அந்த வளைவில் அந்த அகலத்துக்கு வேறு ஆள் ஏது? பொழுது சாய்வதற்குள் படகு இறங்காவிட்டால் பஸ்ஸில் பிள்ளைகுட்டியோடு இருக்கிறவர்கள் மலையிலேயே கிடக்க வேண்டும். “நீங்க வண்டி எடுங்க அண்ணாச்சி. நான் நடக்கேன்” என்றேன். அண்ணாச்சி மேலே போய்ப் படியில் கால் வைத்து ஏறினார். அவர் ஸ்டியரிங்கைத் தொட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

விசில் அடித்தேன். ஹாரன் வந்தது. அதே ஹாரன்தான், ஆனால் அழுத்துகிற கை வேறு. அந்த வளைவு முழுக்க என் முதுகுக்குப் பின்னால் இருந்த எஞ்சின் எனக்கு யார் வீட்டு வண்டியோ போல இருந்தது. அவர் எங்கே போய்ச் சேர்ந்தாரோ, எப்படி இருக்கிறாரோ தெரியாமல், கம்பு முனையை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். வேலையில் நான் தனியாக நடந்தது அன்றுதான் என்று சொல்வேன். அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் தனியாக நடந்ததில் சேராது.

புளியரைச் சமதரையில் அண்ணாச்சி இறங்கினார். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஓட்டியதே அவர்தான், இருந்தாலும் என்னைப் பார்த்துக் கேட்டார். “ஒரசிச்சா?” இல்லை என்றேன். சாப்பிடு என்று சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். சோற்று வாளியைப் பார்த்தார். அடுத்த படகிலிருந்து, வண்டி எடுக்கும் முன்னால் எல்லோரும் இட்லி தின்றாக வேண்டும் என்று ஆக்கிவிட்டார். கருப்பசாமியிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். பிள்ளைகளே, உங்களுக்கும் அதுதான் சொல்வேன். தின்றுவிட்டுப் போங்கள்.

செங்கோட்டை ஆஸ்பத்திரியில் அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார். “ஏட்டி, இன்னொரு மட்டம் கூப்பிடு” என்றார். போங்க என்றேன். “கேக்க நல்லா இருந்துச்சுட்டி. கெணத்துக்குள்ள கெடக்கவனக் கயிறு போட்டு இழுத்த மாதிரி இருந்துச்சு. இன்னொரு மட்டம்” என்றார். நான் வாளியைத் திறந்து சோற்றைப் பிசைந்தேன்.

அதற்கப்புறம் டாக்டர் அவரை வண்டி ஓட்ட விடவில்லை. நான் மட்டும் நடந்தேன், வேறு டிரைவர்களுக்கு. நல்ல பிள்ளைகள்தான். முன்னால் கார் போனால் போதும், ஆள் நடக்க வேண்டாம் என்று ஆன பிறகு நானும் நின்றுவிட்டேன். வீட்டில் அவர் அடிக்கடி கேட்பார். சோறு போடும்போது கேட்பார், கரண்ட் போனால் கேட்பார். “ஒரே ஒரு மட்டம். ஒருத்தரும் இல்லலா” என்பார். கடைசியாகப் படுத்திருந்தபோதும் கண்ணால் கேட்டார். நான் சொல்லவில்லை. மலையில் சொன்னது வேலைக்குச் சொன்னது. வீட்டில் சொல்ல எனக்கு வரவில்லை. அதற்காக நான் வருத்தப்படவில்லை. என் வழக்கம் அது.

அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் அவர் அம்மா, அவர் அண்ணன், நம் அண்ணாச்சி. மூன்று பேரும் போய்விட்டார்கள். பிள்ளைகள் அப்பா என்கிறார்கள், பேரப்பிள்ளைகள் தாத்தா என்கிறார்கள். ரேஷன் கார்டிலும் எடுத்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் அர்ச்சனையில் அந்தப் பெயர் வருகிறது. அது சாமிக்குச் சொல்கிறது. நான் தூண் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு வருவேன். மற்றபடி இந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல ஆள் கிடையாது.

நான் நடந்த கம்புகளில் ஒன்றுதான் மிச்சம். அந்த அகலப் படகின் கம்பு. பின்பக்கம் துணி காயப்போடக் கட்டியிருக்கிறது. அதில் இப்போது என் சேலை மட்டும்தான் காய்கிறது.

சங்கத்துப் பிள்ளைகளுக்கு இது போதும் என்று நினைக்கிறேன். வேணி, பேனாவைக் கீழே வைக்காதே, இதையும் எழுது. பிறகு மேலே இருந்து ஒரு தடவை எனக்கு வாசித்துக் காட்டு. அவசரம் இல்லை, நீ ஞாயிற்றுக்கிழமைதானே போகிறாய். அச்சுக்கு இப்படியே இருக்கட்டும். எனக்கு வாசிக்கும்போது மட்டும், அவர் அவர் என்று வருகிற இடத்திலெல்லாம் தாத்தா பெயரைச் சொல்லி வாசி. நீ சொல்லலாம், தப்பில்லை. கொஞ்சம் சத்தமா வாசிட்டி.